இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு நீள்ஜூம் கேமரா: பழைய கேனான் எஸ்எக்ஸ் 50 எச்எஸ்

குளத்தங்கரையில் நின்றுகொண்டு நடுநீரில் இருக்கும் பறவையைப் படம் பிடிக்க வேண்டும், அதற்கு ஒதுக்க முடிந்த தொகையோ 20,000 ரூபாய்தான் என்றால், லென்ஸ் மாற்றும் வகைக் கேமராக்களைப் பற்றிய பேச்சை முதலிலேயே விட்டுவிடலாம். அவற்றில் கேமராவுக்கு ஒரு விலை, தொலைவில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸுக்கு அதைவிடப் பெரிய விலை. மீதமிருப்பது, லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே வருகிற, பிரிட்ஜ் கேமரா என்று கடைகளில் சொல்லப்படும் வகை. அந்த வகையில் நான் வாங்கிப் புழங்குவது கேனான் நிறுவனம் 2012இல் வெளியிட்ட பவர்ஷாட் எஸ்எக்ஸ் 50 எச்எஸ். அதையும் செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்கினேன். விலை 11,000 ரூபாய். பத்தாண்டுக்கு மேல் பழைய மாடலைப் பணம் கொடுத்து வாங்குவானேன் என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புதுப் பெட்டியைப் பிரிக்கும் சந்தோஷத்தைப் பெரிதாக நினைப்பவர்களுக்கு இதில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

கோவை காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் இந்த மாடலைக் கேட்டபோது, "ஏனுங்க, அறுபது எக்ஸ் இருக்கறப்போ அம்பது எக்ஸைக் கேக்கறீங்க?" என்றார் கடைக்காரர். அவர் கையில் இருந்தது பானசோனிக் எஃப்இசட் 72. அவர் ஏமாற்றவில்லை, விளம்பரம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவரும் சொன்னார். ஆனால் எக்ஸ் என்பது லென்ஸின் மிக நீண்ட குவியத்தூரத்தை (தொலைவில் இருப்பதை லென்ஸ் எவ்வளவு கிட்டே காட்டும் என்பதைச் சொல்லும் மில்லிமீட்டர் அளவு) மிகக் குறுகிய குவியத்தூரத்தால் வகுத்தால் வருகிற எண், அவ்வளவுதான். எஃப்இசட் 72 லென்ஸ் 20 மில்லிமீட்டரில் தொடங்கி 1200இல் முடிகிறது. 1200ஐ 20ஆல் வகுத்தால் 60. எஸ்எக்ஸ் 50 லென்ஸ் 24இல் தொடங்கி அதே 1200இல் முடிகிறது, ஆகவே 50. இரண்டும் பறவையை ஒரே அளவுக்குத்தான் கிட்டே கொண்டுவரும். பத்து எக்ஸ் வித்தியாசம் முழுவதும் அகலக் கோணத்தில் இருக்கிறது. தேர்வீதியில் நின்று கோபுரத்தை முழுதாக எடுக்க நினைப்பவருக்கு அந்த 20 மில்லிமீட்டர் உதவும். குளத்தங்கரைக்காரருக்கு உதவாது.

ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட எக்ஸைப் பார்க்காமல், கடைசி எண் எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிக்கான் பி 500 (B500) என்பது 40 எக்ஸ். அதன் லென்ஸ் 900இல் முடிகிறது. கேனான் எஸ்எக்ஸ் 430 ஐஎஸ் 45 எக்ஸ். அது 1080இல் முடிகிறது. நிக்கான் பி 900 (P900) என்பது 83 எக்ஸ், முடிவு 2000. பி 1000 (P1000) என்பது 125 எக்ஸ், முடிவு 3000. இவையெல்லாம் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கணக்குக்கு மாற்றிச் சொல்லப்படும் எண்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். எஸ்எக்ஸ் 50 லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 4.3 முதல் 215 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதான, ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சென்சாரின் மேல் படம் விழுவதால்தான், அந்தச் சிறிய லென்ஸ் 1200இன் வேலையைச் செய்கிறது. 600 கிராமுக்குள் இவ்வளவு நெருக்கம் கிடைப்பதற்கும், மங்கிய வெளிச்சத்தில் படம் சொரசொரப்பாவதற்கும் காரணம் ஒன்றேதான்.

1200 என்றால் நடைமுறையில் என்ன கிடைக்கும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 50 மீட்டர் தொலைவில் இருப்பதைப் பார்த்தால், படச் சட்டத்துக்குள் ஏறக்குறைய 1.4 மீட்டர் அகலமும் 1.1 மீட்டர் உயரமும் அடங்கும். ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு சரணாலயத்தில் கரையிலிருந்து அந்தத் தொலைவில் ஒரு கூழைக்கடா மிதந்தால், அலகு நுனியிலிருந்து வால்வரை சட்டத்தை அதுவே நிறைத்துவிடும்; அதற்கு மேல் ஜூம் இருந்தும் பயனில்லை. அதே தொலைவில் வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் சட்டத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அது இருக்கும். அடையாளம் காணப் போதும், சுவரில் மாட்டப் போதாது. முழுநிலா சட்டத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக விழும். நிலாதான் முக்கியம் என்பவர்கள் பி 900க்காகப் பணம் சேர்ப்பது நல்லது, அதில் சட்டத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்கு நெருங்கும். நான் பார்த்தவரை அந்தக் கேமரா பழையதாக வந்தாலும் 20,000 ரூபாய்க்குள் கிடைப்பதில்லை. எடையும் 900 கிராமைத் தொடும்.

இனி என் முடிவுக்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். வியூஃபைண்டர், அதாவது கண்ணை ஒட்டி வைத்துக் காட்சியைப் பார்க்கும் சிறு சாளரம், இல்லாத கேமராவை இந்த வேலைக்கு வாங்கக் கூடாது. படத்தின் மெகாபிக்சல், வீடியோ, வைஃபை எல்லாம் இதற்குப் பின்னால்தான் வர வேண்டும். 1200இல் கேமரா பார்க்கிற கோணம் இரண்டு பாகைகூட இல்லை. கையை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு குறுகிய கோணத்துக்குள் ஒரு கரிச்சானைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மின்கம்பியிலிருந்து எழுந்து போயிருக்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் திருப்பூர் நஞ்சராயன் குளத்தின் கரையில் நின்றால், நீரில் பட்டு வரும் வெயிலில் எந்தத் திரையும் கண்ணாடிபோல் நம் முகத்தைத்தான் காட்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடத்திலும் உடுமலையிலும் ஆளையே தள்ளும்போது, நீட்டிய கையில் இருக்கும் கேமரா என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது இரண்டு கைகளோடு நெற்றியும் சேர்ந்து கேமராவை மூன்று இடத்தில் பிடிக்கிறது. முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டால் அதுவே பாதி முக்காலி.

இந்தப் பணத்துக்குக் கடைகளில் எடுத்துக் காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலேயே கழிந்துவிடுகின்றன. நிக்கான் பி 500, பி 600 (B600), கேனான் எஸ்எக்ஸ் 430, எஸ்எக்ஸ் 540, சோனி எச் 300 ஆகிய எதிலும் வியூஃபைண்டர் கிடையாது. எஸ்எக்ஸ் 430இல் 20 மெகாபிக்சல் இருக்கிறது. ஆனால் தொடர்ந்து எடுக்கச் சொன்னால் நொடிக்கு ஒரு படம்கூட வராது, வீடியோவும் முழு எச்டி அல்ல. சோனி எச் 300, நிக்கான் பி 500 இரண்டுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: சாதாரண ஏஏ பேட்டரி நான்கு போட்டால் ஓடும், எந்தக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும். வீட்டு விசேஷம், சுற்றுலா, பள்ளி விழா என்று எடுப்பவர்களுக்கு அவை போதும். அதற்கு மேல் அவற்றைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

எஸ்எக்ஸ் 50இல் வியூஃபைண்டர் இருக்கிறது. ஆனால் அது மிகச் சுமாரானது. வெறும் 2,02,000 புள்ளிகள். 2018இல் வந்த எஸ்எக்ஸ் 70இல் 23,60,000 புள்ளிகள் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் மூலைகள் சரியாகத் தெரியாது, நிறம் நேரில் இருப்பதுபோல் இருக்காது, ஃபோகஸ் பறவையின் கண்ணில் விழுந்ததா முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வேலங்குச்சியில் விழுந்ததா என்பதை அதில் பார்த்து உறுதிசெய்யவே முடியாது. இருந்தாலும் பறவையைக் கண்டுபிடிப்பதற்கும் கேமராவை அசையாமல் பிடிப்பதற்கும் அது போதுமானது; எடுத்த படத்தைச் சரிபார்க்க, எப்பக்கமும் திருப்பக்கூடிய திரை தனியாக இருக்கிறது. அந்தத் திரையை மேல்நோக்கித் திருப்பி வைத்து, தரையோடு தரையாகக் கேமராவைப் பிடித்து நெல்வயலின் வரப்பு மட்டத்தில் உள்ளான்களை எடுக்க முடிவது தனி வசதி.

இந்தக் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்தது லென்ஸ் குழலின் இடப்பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறிய பொத்தான்கள். முழு ஜூமில் ஒரு பஞ்சுருட்டானைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது தாவிச் சட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடக்கை விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் லென்ஸ் தானாகவே பின்வாங்கி அகலமாகக் காட்டும். முன்பு எவ்வளவு பகுதி தெரிந்தது என்பதை நடுவில் ஒரு கட்டமாகவும் வரைந்து காட்டும். பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, அதைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால், லென்ஸ் பழைய இடத்துக்கே நீளும். பஞ்சுருட்டான் பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும் பறவை என்பதால், இந்தப் பொத்தானுக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. இன்னொரு பொத்தான், முழு ஜூமில் காட்சி அலைபாயாமல் கூடுதலாக நிலைநிறுத்துகிறது. கேமராவின் மேல் சக்கரத்தில் சி 1, சி 2 என்று நம் விருப்பப்படி அமைத்து வைக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றை உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் மற்றதைப் பறக்கும் பறவைக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். நொடிக்கு 13 படம் வீதம் பத்துப் படங்களை ஒரே மூச்சில் எடுக்கும் அமைப்பும் உண்டு. அதன் பிறகு கார்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

வெளிச்சம்தான் இதன் பலவீனம். முழு ஜூமில் லென்ஸின் திறப்பு எஃப் 6.5க்கு மேல் விரியாது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகி வெளிச்சம் கூடும்). குளம், வயல், மின்கம்பி என்று திறந்த வெளியில் எடுக்கும்வரை கொங்கு நாட்டு வெயில் இந்தக் குறையை மறைத்துவிடுகிறது. சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 80 முதல் 400 வரை வைத்து எடுத்தால் 12 மெகாபிக்சல் படம் தெளிவாகவே இருக்கும். வெள்ளைக் கொக்கு, உண்ணிக்கொக்கு போன்றவற்றை வெயிலில் எடுக்கும்போது மட்டும் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது வெளிச்சம் பாதியாகும்படி, குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இறகின் வரிகளெல்லாம் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும், சிறிய சென்சாரில் அதை மீட்க வழியில்லை. சென்சார் பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவத்தில் எடுக்கும் வசதி இருப்பதால், மற்றக் குறைகளைப் பிறகு கணினியில் ஓரளவுக்குச் சரிசெய்துகொள்ளலாம். டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளே போதும். பிற்பாடு வந்த நிக்கான் பி 900இல்கூட ரா கிடையாது.

வால்பாறைக்குப் போனால் கதை மாறுகிறது. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதான லோம்ஸ் வியூ பக்கம் பாறைமேல் நிற்கும் வரையாட்டை எடுப்பதற்கு இந்தக் கேமரா தாராளம். அங்கே வெளிச்சம் இருக்கிறது, ஆடும் அவசரப்படுவதில்லை. ஆனால் மேலே போய் மழை மூட்டத்தில் சோலை மரத்தின் உள்கிளையில் உட்கார்ந்திருக்கும் இருவாட்சியையோ, புதுத்தோட்டம் பக்கம் இலைகளுக்குள் புகுந்து புறப்படும் சிங்கவால் குரங்கையோ எடுக்க முயன்றால், ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்ற வேண்டிவரும். கருப்பு உடல் கொண்ட இரண்டு உயிர்களும் மணல் தூவியதுபோல் வரும். காடுதான் உங்கள் இடம் என்றால் பானசோனிக் எஃப்இசட் 200ஐத் தேடுங்கள். அதுவும் 2012இல் வந்ததுதான், செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைக்கும். அதன் லென்ஸ் 600இலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை எஃப் 2.8இலேயே நிற்கும். எஃப் 6.5ஐவிட ஐந்து மடங்குக்கும் மேலான வெளிச்சம் அது. வியூஃபைண்டரும் எஸ்எக்ஸ் 50ஐவிடப் பல மடங்கு தெளிவு. படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து 1200க்கு இணையாக்கினால் மூன்று மெகாபிக்சல்தான் மிஞ்சும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். குளமா காடா என்று கேட்டுக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றை எடுப்பதுதான் இந்தப் பணத்துக்குச் சரியான வழி என்று நினைக்கிறேன், நான் குளம்.

பழைய கேமரா வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது லென்ஸ். இந்த வகை லென்ஸ்கள் நீளும்போது காற்றை உள்ளே இழுக்கின்றன, சுருங்கும்போது வெளியே விடுகின்றன; காற்றோடு தூசியும் போகிறது. நூற்பாலைகளும் விசைத்தறிகளும் ஓடுகிற ஊர்களில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமில்லை. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் சென்சார்மேல் தூசி படிந்தால் முழுதாகப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும், அந்தக் கூலி கேமராவின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஆகவே கடையிலிருந்து வெளியே வந்து, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ முழு ஜூமில், லென்ஸ் திறப்பை எஃப் 8க்குச் சுருக்கி வைத்து ஒரு படம் எடுங்கள். அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் தூசி சாம்பல்நிறப் பொட்டுகளாகத் தெரியும். எனக்கு முதலில் காட்டப்பட்ட ஒரு கேமரா வெளியே பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. வானத்தைப் படமெடுத்தபோது மேல் ஓரத்தில் மிளகு தூவியதுபோல் இருந்தது. "அது வானத்துல பறக்கற காக்காயா இருக்குமுங்க" என்றார் விற்றவர். அடுத்தடுத்து எடுத்த படங்களிலும் காக்காய் அதே இடத்தில் இருந்தது.

பிறகு லென்ஸை முழுவதும் நீட்டிச் சுருக்கி, நீட்டிச் சுருக்கிக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். மோட்டார் ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் திக்கினாலோ, பல் உரசும் ஒலி வந்தாலோ, லென்ஸ் எரர் என்ற எச்சரிக்கை ஒருமுறை தலைகாட்டினாலோ விலையைப் பற்றிப் பேசாமலே வந்துவிடுங்கள். முழு ஜூமில் நீண்டிருக்கும் குழலை விரலால் லேசாகத் தொட்டால் சிறிது ஆடுவது இயல்பு, லொடலொடவென்று ஆடுவது இயல்பல்ல. வெளிச்சத்துக்கு நேரே முன்கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சை இருந்தால் சிலந்தி வலைபோல் தெரியும்; ஊட்டி, வால்பாறைப் பக்கம் இருந்து வரும் கேமராக்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பேட்டரி என்பி 10 எல் வகை. நிறுவனக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 315 படங்கள். பழைய பேட்டரி உப்பியிருந்தால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், அதனால் அதை வெளியே எடுத்துத் தட்டையான மேசைமேல் வைத்துப் பாருங்கள். சார்ஜர் அசலானதா என்பதையும் கேட்டு வாங்கவும்.

வாங்கிய பிறகு முக்காலிக்குச் செலவு செய்யும் ஆசை வரும். விலை குறைந்த, எடை குறைந்த முக்காலி நம் ஊர் ஆடிக் காற்றில் கேமராவோடு சேர்ந்து தானும் நடுங்கும். அதற்குப் பதில் கொள்ளு நிரப்பித் தைத்த இரண்டு கிலோ துணிப்பை ஒன்று போதும். குளக்கரைத் தடுப்புச் சுவர்மேலோ கார்க் கதவின் விளிம்பிலோ வைத்து அதன்மேல் லென்ஸை அழுத்தினால் 1200இல் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்கும் படம் அசையாமல் வரும். திருப்பூரில் சல்லிசாகக் கிடைக்கும் பனியன் கட்டிங் வேஸ்ட்டை அடைத்தும் சிலர் செய்துகொள்கிறார்கள். அது எடை போதாமல் துள்ளுகிறது.

படம் தெளிவில்லை என்று வரும் புகார்களில் பாதிக்குக் கேமரா பொறுப்பல்ல. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் காய்ந்த செம்மண் காட்டின்மேலும் நீரின்மேலும் சூடான காற்று எழும்பி நெளியும். நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவையின் ஓரங்கள் அதில் உருகியதுபோல் விழும். லட்ச ரூபாய் லென்ஸுக்கும் இதே கதிதான். எட்டு மணிக்குள் எடுத்து முடிப்பது அல்லது இன்னும் கிட்டே போவது, இரண்டே வழிகள்.

இதில் முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். பறக்கும் பறவையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் வேகம் இதற்கு இல்லை. மெதுவாகச் சிறகடித்துப் போகும் நாரையையும் கூழைக்கடாவையும் பிடித்துவிடலாம், தகைவிலானை மறந்துவிட வேண்டும். வைஃபை கிடையாது. படங்களை ஃபோனுக்கு மாற்ற ஒரு கார்டு ரீடர் வாங்கிக்கொள்ள வேண்டும், அது பெரிய செலவில்லை. 4கே வீடியோ இல்லை. மழைத் துளிக்கும் தாங்காது. வாரண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை, உதிரி பாகத்துக்கு இன்னொரு பழுதான எஸ்எக்ஸ் 50ஐத்தான் தேட வேண்டும்.

20,000 ரூபாயில் மீதமிருந்த 9,000 ரூபாயை நான் எப்படிச் செலவிட்டேன் என்று கேட்பவர்களுக்கு: கூடுதல் பேட்டரி ஒன்று, கார்டு ஒன்று, மீதியில் 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட) பைனாகுலர் ஒன்று. நாணலுக்குள் நிற்கும் பறவையைக் கேமராவை வைத்துத் தேடினால் பேட்டரிதான் தீரும். பைனாகுலரில் கண்டுபிடித்து, பக்கத்தில் இருக்கும் ஒரு காய்ந்த மட்டையையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, அதன் பிறகு கேமராவை எடுப்பதே இந்த வியூஃபைண்டருக்குத் தோதான முறை. பைனாகுலரை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை கீழே விழுந்து எழுந்ததில் இரண்டு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்காது, கடையில் ஒரு நிமிடம் பார்க்கும்போது அது தெரியவும் தெரியாது.